சென்சரை மாற்றுமுன், அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

"சென்சர் எக்க கிஹின் சேர்." தமிழ் பேசும் கராஜ் என்றால், "சென்சர் பெய்த்து நானா."

கண்டிப் பக்கம் வாகனம் வைத்திருக்கும் யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பெற்றோல் அதிகம் குடிக்கிறதா? சென்சர். ஏற்றத்தில் இழுக்கவில்லையா? சென்சர். டாஷ்போர்டில் பெற்றோல் ஊசி படுத்துவிட்டதா? அதுவும் சென்சர். எந்த சென்சர், அது வாகனத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, அது பழுது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்காமலே காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நான் மெக்கானிக் இல்லை. குண்டசாலையில் வசித்து, தினமும் பாடசாலைக்கு ஒரு பழைய காரில் போய்வரும், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர். ஆனால் இதில் இருக்கும் விஞ்ஞானம் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைக்கே விளங்கக்கூடியது. அதனால்தான் நாம் இவ்வளவு இலேசாக ஏமாறுவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில், ஏன் இப்போது இது முக்கியம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். வந்தாலும் வரியோடு சேர்த்து அந்த விலை நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு எட்டாது. ஆகவே கையில் இருக்கும் பத்து, பதினைந்து வருடப் பழைய ஆல்டோவையும் வேகன்ஆரையும் விட்ஸையும் அக்குவாவையும் இன்னும் பல வருடம் ஓட்டியே ஆக வேண்டும். இந்த வயதில் வயர் காயும், ரப்பர் ஹோஸ் வெடிக்கும், கனெக்டரில் துரு பிடிக்கும். சென்சரும் பழுதாகத்தான் செய்யும். அதை மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் "சென்சர்" என்று ஒரே பெயரை வைத்துப் பில் போடுவதைத்தான் ஏற்க முடியாது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. பிறகு கியூஆர் வந்தது. ஆரம்பத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். மாதக் கணக்கில் எல்லோருடைய தாங்கியும் அடிமட்டத்திலேயே கிடந்தது. தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்பைச் சூடேறாமல் காப்பது அந்தப் பெற்றோல்தான். அடியில் ஒரு லீற்றரை வைத்துக்கொண்டு ஓடினால் பம்ப் சூடாகும், அடியில் படிந்த அழுக்கையும் இழுக்கும். அந்த வருடம் நாம் வாகனத்துக்குக் கொடுத்த கஷ்டத்தின் பலனைச் சில வாகனங்கள் இன்றும் காட்டுகின்றன. அன்று கற்ற ஒரு பாடத்தை மட்டுமாவது வைத்துக்கொள்வோம்: முடிந்தவரை தாங்கியில் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

சரி, எரிபொருளோடு சம்பந்தப்பட்ட சென்சர்கள் எங்கெங்கே இருக்கின்றன? இதைப் பொறுமையாக வாசியுங்கள். இதைத் தெரிந்த ஆளிடம் யாரும் இலேசில் கதை விட முடியாது.

1) பெற்றோல் அளவைக் காட்டும் சென்சர். இது தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான ஜப்பான் கார்களில் பின் ஆசனத்தின் அடித்தட்டைத் தூக்கினால் ஒரு சிறிய மூடி தெரியும். அதன் கீழே பெற்றோல் பம்பும் இந்தச் சென்சரும் ஒரே கூட்டாக இருக்கும். சில வாகனங்களில் தாங்கியையே கீழே இறக்க வேண்டிவரும். தாங்கி நடுவில் வளைந்து இரண்டு பள்ளமாக இருக்கும் நாலு சில் இழுக்கும் வாகனங்களில் இப்படி இரண்டு சென்சர்கள் இருக்கலாம். உள்ளே இருப்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பிக் கை, கையின் மறுமுனையில் ஒரு மாறுந்தடை. பெற்றோல் ஏறினால் மிதவை ஏறும், தடை மாறும், ஊசி அசையும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம். குண்டசாலையிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக மஹியங்கனைக்கு ஏறி இறங்கிப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், ஏற்றத்தில் ஒரு அளவும் பதினெட்டு வளைவில் இறங்கும்போது வேறு அளவும் காட்டும். தாங்கி சரிந்தால் உள்ளே பெற்றோல் ஒரு பக்கம் ஓடும், மிதவையும் அதோடு போகும். அது பழுதல்ல. சமதரையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். சமதரையிலும் ஊசி துள்ளினால் அல்லது ஒரே இடத்தில் நின்றுவிட்டால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டரும் எர்த் வயரும். அதற்குப் பிறகுதான் சென்சர்.

2) ஒக்சிசன் சென்சர். கராஜில் அதிகமாக மாற்றப்படுவது இதுவாகத்தான் இருக்கும். இது சைலன்சர் பாதையில், என்ஜினுக்குக் கிட்டவே திருகப்பட்டிருக்கும். கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. புகையில் எவ்வளவு ஒக்சிசன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, பெற்றோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று என்ஜின் கணினிக்குச் சொல்வது முன்னால் இருப்பதுதான். கன்வேர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் பின்னால் இருப்பதன் முக்கிய வேலை. 1976இல் போஷ் செய்த இந்தச் சென்சரை வொல்வோ கார்களில் முதன்முதலாகப் பூட்டினார்கள். இன்று அது இல்லாத பெற்றோல் கார் இல்லை என்றே சொல்லலாம். வருடா வருடம் லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோமே, அங்கே பாஸ் ஆவதும் ஃபெயில் ஆவதும் பெரும்பாலும் இந்தக் கலவைக் கணக்கில்தான்.

3) காற்றை அளக்கும் சென்சர். எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயில் இருக்கும். சில சிறிய கார்களில் இதற்குப் பதிலாக, காற்று உள்ளே போகும் மெனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் சென்சர் இருக்கும். எவ்வளவு காற்று வருகிறதோ அதற்கேற்பத்தான் கணினி பெற்றோல் விடும். இதில் தூசி பிடித்தால் கணக்கே பிழைக்கும். பல வேளை இதற்கென்றே இருக்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்தாலே போதும். கார்புரேட்டர் கிளீனர் அடிக்க விடாதீர்கள்.

4) கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சர். தண்ணீர் என்ஜினிலிருந்து வெளியே வரும் இடத்துக்குக் கிட்ட இருக்கும். பெயரில் பெற்றோல் இல்லாவிட்டாலும் பெற்றோல் குடிப்பதில் இதற்குப் பங்கு உண்டு. என்ஜின் சூடாகியும் "இன்னும் குளிராகத்தான் இருக்கிறது" என்று இது சொன்னால், கணினி தொடர்ந்து கூடுதலாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

5) டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் சொல்லும் சென்சர் ஒன்று. கொமன் ரெயில் என்ஜின் என்றால், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் அந்த ரெயிலில் அழுத்தத்தை அளக்கும் சென்சர் ஒன்று. அழுத்தம் குறைவு என்று லைட் எரிந்தால் அடைத்துப்போன ஃபில்டரும் காரணமாக இருக்கலாம். ஃபில்டரைப் பார்க்காமல் சென்சர் விலை பேசுகிறவரிடம் அவசரப்பட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இடத்தைத் தெரிந்துகொள்ளச் சொன்னேன், திறக்கச் சொல்லவில்லை. தாங்கி மூடியைத் திறந்தால் பெற்றோல் ஆவி வரும். ஒரு பொறி போதும். அக்குவா போன்ற ஹைபிரிட்டில் பெரிய பெட்டரியும் பின் ஆசனத்தின் கீழேதான் இருக்கிறது. அது நூறு வோல்ட்டைத் தாண்டியது. செம்மஞ்சள் நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது பயிற்சி பெற்றவரின் வேலை.

இனி ஸ்கேனர் பற்றி. "ஸ்கேன் பண்ணிப் பாத்தம், சென்சர்தான் வந்திச்சு" என்பார்கள். நாமும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் போல நம்பிவிடுகிறோம்.

ஸ்கேனரைக் கொழுவும் 16 முனைச் சொக்கட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். 1996இல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கெல்லாம் இந்த முறை கட்டாயமாகி, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. (ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சில பழைய கார்களை எல்லா ஸ்கேனரும் வாசிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.) ஸ்கேனர் தருவது ஓர் இலக்கம். உதாரணமாகப் பி 0171. இதன் அர்த்தம் "கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம்" என்பது மட்டும்தான். ஒக்சிசன் சென்சர் பழுது என்று அந்த இலக்கம் சொல்லவே இல்லை. வெடித்த ஹோஸ் வழியாகக் காற்று உள்ளே போகலாம். காற்றுச் சென்சரில் அழுக்கு இருக்கலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். பம்ப் பலவீனமாக இருக்கலாம். பெற்றோல் அளவுச் சென்சரின் சேர்க்கிட்டில் கோளாறு என்றால் பி 0460இலிருந்து 0464 வரை வரும். அதிலும் "சேர்க்கிட்" என்றுதான் இருக்கிறது. வயரும் கனெக்டரும் அந்தச் சேர்க்கிட்டில் சேர்த்திதான்.

தூதனைக் கொல்லக் கூடாது என்பது பழைய நீதி. கலவை சரியில்லை என்று உண்மையைச் சொன்ன சென்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டினால், அதுவும் போய் அதே உண்மையைத்தான் சொல்லும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு நடந்தது இதுதான். சின்னக் கார். என்ஜின் லைட் எரிந்தது, பெற்றோல் கூடக் குடித்தது. ஒரு கராஜில் ஒக்சிசன் சென்சர் என்றார்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் ஒன்று எடுத்துப் போட்டார்கள். லைட் அணைந்தது. இரண்டு கிழமையில் மறுபடி எரிந்தது. "அது ரீகண்டிஷன்தானே டீச்சர், புதுசு போடுவோம்." புதியதும் போட்டாயிற்று. லைட் வந்தது. அடுத்தது காற்றுச் சென்சர். மூன்று சென்சரும் சேர்ந்து அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கின. கடைசியில் தெல்தெனியப் பக்கம் ஒரு வயதான பாஸ் முக்கால் மணித்தியாலம் என்ஜினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, ஒரு ரப்பர் ஹோஸின் அடியில் இருந்த வெடிப்பைக் கண்டுபிடித்தார். ஹோஸின் விலை சில நூறு ரூபா.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். அந்த பாஸ், பார்த்ததற்கு மூவாயிரம் ரூபா கேட்டார். டீச்சரோடு வந்த கணவர் சொன்னாராம்: "பாத்ததுக்கு மட்டுமா மூவாயிரம்? ஒரு சின்ன ஹோஸ்தானே மாத்தினீங்க!"

நோய் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தேவையில்லாத மூன்று சென்சருக்கு ஒரு மாதச் சம்பளத்தை வாய் திறக்காமல் கொடுத்தோம். சரியாகக் கண்டுபிடித்த மனிதனிடம் மூவாயிரத்துக்கு வாதாடினோம். கையில் தூக்கிப் பார்க்க ஒரு சாமான் இருந்தால்தான் காசு கொடுக்க மனம் வருகிறது. மூளைக்கும் நேரத்துக்கும் கொடுக்க வருவதில்லை. அப்படியென்றால் கராஜ்காரர் என்ன செய்வார்? ஒரு மணித்தியாலம் தேடிக் கண்டுபிடித்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. சாமானை மாற்றினால் அதில் ஒரு பங்கு இருக்கிறது. அவர் சாமானைத்தான் மாற்றுவார். அவரைக் கள்ளன் என்று சொல்லுமுன், அந்தப் பாதையை அவருக்கு வெட்டிக் கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

டொக்டரைச் சேனல் பண்ணுகிறோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, மருந்து தேவையில்லை" என்கிறார். மருந்து தரவில்லையே என்று சேனல் காசைத் திருப்பிக் கேட்கிறோமா? அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அந்த மரியாதையை ஒரு நல்ல மெக்கானிக்குக்கும் கொடுத்தால் என்ன?

கராஜ் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். சாவியைத் தந்துவிட்டுப் போகிறவர் தன் பொருளை அமானிதமாகத் தந்துவிட்டுப் போகிறார். அவருக்குத் தெரியாது என்பதுதான் உங்கள் இலாபம் என்றால் அந்த வியாபாரத்தில் பரக்கத் இருக்காது. "சோதித்துப் பார்க்க இவ்வளவு, பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று ஒரு போர்டு போடுங்கள். முதலில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருவருக்குச் சரியாகச் செய்து கொடுத்தால் அவர் பத்துப் பேரைக் கூட்டிவருவார். எங்கள் ஊர்களில் விளம்பரம் அப்படித்தானே நடக்கிறது.

வாகனம் வைத்திருப்பவர்கள் கராஜில் இந்த ஐந்தையும் கேளுங்கள். சண்டைக்காரர் போல வேண்டாம், சிரித்த முகத்தோடு கேளுங்கள்:

– பார்ப்பதற்கு எவ்வளவு? (வேலை தொடங்குமுன் கேளுங்கள், பிறகு குறைக்கச் சொல்லாதீர்கள்.)
– ஸ்கேனரில் வந்த இலக்கம் என்ன? (ஃபோனில் படம் எடுங்கள்.)
– அந்தச் சென்சர் எங்கே இருக்கிறது, காட்டுவீர்களா?
– அது பழுது என்று எப்படிச் சோதித்தீர்கள்? வயரையும் ஹோஸையும் பார்த்தீர்களா?
– மாற்றினால் பழையதைத் தாருங்கள். போட்டது புதியதா ரீகண்டிஷனா என்று பில்லில் எழுதுங்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இடத்தைக் காட்டத் தெரியாதவர் அதைச் சோதித்திருக்க மாட்டார்.

இன்னொன்று. சில வேளை பழுது கம்பனியிலேயே பிறந்ததாக இருக்கும். 2020இல் டொயோட்டா, தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்பின் குறைபாட்டுக்காக உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அந்தப் பம்ப் பலவீனமானால் வாகனம் இழுக்காது, ஓடும்போதே நிற்கவும் கூடும். நமது கராஜில் அதுவும் "சென்சர்" ஆகிவிடலாம். ஜப்பானில் ஓடி இங்கே வந்த காருக்குத் திருப்பி அழைக்கும் கடிதம் நம் வீட்டுக்கு வராது. சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு, கம்பனியின் இணையத்தளத்திலோ முகவரிடமோ நாம்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, என் தொழில் சம்பந்தமான விஷயம்.

உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013இல் தொடங்கியது. ஆனால் நம் சமூகத்தில் இன்றும் கணிதம், விஞ்ஞானம் கிடைக்காத பிள்ளைதான் அங்கே போகும் என்ற எண்ணம் இருக்கிறது. கராஜுக்குப் போகும் பிள்ளையைப் "படிப்பு ஏறாதவன்" என்கிறோம். பிறகு அந்தக் கராஜிலேயே போய் அறிவை எதிர்பார்க்கிறோம். இன்றைய கார் ஒரு கணினி. அதைப் பார்க்க ஓமின் விதி தெரிய வேண்டும், பல்மானியை வாசிக்கத் தெரிய வேண்டும், ஆங்கிலக் கையேட்டைப் புரிய வேண்டும். நைட்டாவின் பயிலுனர் பயிற்சி இருக்கிறது, என்.வி.கியூ சான்றிதழ் இருக்கிறது. நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, தடையைப் பற்றிய பாடத்துக்கு இனிக் கரும்பலகையில் மட்டும் படம் கீற வேண்டாம். பழைய சாமான் கடையில் பழுதான ஒரு பெற்றோல் அளவுச் சென்சரைக் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பல்மானியைக் கொழுவி, மிதவையைப் பிள்ளைகள் கையாலேயே மெல்ல மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிலையிலும் தடையைக் குறித்து ஒரு வரைபு வரையச் சொல்லுங்கள். தேய்ந்த இடம் வரும்போது இலக்கம் குதிக்கும். டாஷ்போர்டில் ஊசி ஏன் துள்ளுகிறது என்பதை அந்த வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையும் பிறகு மறக்காது. பெண் பிள்ளைகளையும் முன்னுக்கு அழையுங்கள். இன்று வாகனம் ஓட்டும் ஆசிரியைகளும் தாய்மார்களும் எத்தனை பேர்! "லேடீஸுக்கு இது விளங்காது" என்ற நினைப்பில் அவர்களிடம்தான் கூடுதலாகப் பில் எழுதப்படுகிறது.

உங்கள் வாகனத்தில் "சென்சர்" என்று சொல்லி மாற்றியது எதை, கடைசியில் உண்மையான பழுது என்னவாக இருந்தது என்று கீழே எழுதுங்கள். கராஜின் பெயர் வேண்டாம், யாரையும் அவமானப்படுத்துவது நோக்கமல்ல. வாகனத்தின் மாதிரி, ஸ்கேனரில் வந்த இலக்கம், கண்டுபிடித்த பழுது, இந்த மூன்றும் போதும். நூறு பேர் எழுதினால் அது தமிழில் ஒரு நல்ல கையேடாகிவிடும். கண்டியில் பொறுமையாகச் சோதித்துப் பார்க்கும் ஒரு பாஸைத் தெரிந்தால், அவரிடம் கேட்டுவிட்டு அவருடைய பெயரை மட்டும் தாராளமாக எழுதுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வேலை கூடட்டும்.